விற்ற நெல்லைத் திரும்ப வாங்காதீர்: மாரிகாலச் சமையற் செலவைக் குறைக்கும் வழிகள்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் குடும்பம் உணவுக்காகப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை என்று பலர் எண்ணுவர். உண்மை நிலை வேறாக இருக்கின்றது. மாசி, பங்குனி மாதங்களில் களத்திலிருந்தே நெல்லை விற்றுவிடும் கமக்காரர், ஐப்பசி பிறந்ததும் கடைக்குச் சென்று அரிசி வாங்குகின்றார். பழம் மிளகாயை மலிந்த விலைக்குக் கொடுத்தவர், சில மாதங்களின் பின் செத்தல் மிளகாயைக் கூடிய விலைக்குப் பெறுகின்றார். விளைவித்த பொருளை விற்றுத் திரும்ப வாங்கும் இவ்வழக்கமே கமக்காரர் வீட்டுச் செலவில் மிகப் பெரிய ஓட்டையாகும். இவ்வோட்டையை அடைக்கும் வழிகளை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

மாரிகால நெருக்கடி

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள சல்லிக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் கடல், மறுபுறம் மணற்பாங்கான தோட்ட நிலம். இங்கும் அயலில் உள்ள சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய ஊர்களிலும் மக்களின் வருவாய் காற்றையும் மழையையும் பொறுத்தே அமைகின்றது. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; மீன் மலிந்திருக்கும். கச்சான் காற்று வீசும் அம்மாதங்களில் கிணற்று நீர் பாய்ச்சக்கூடியவர்கள் வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றைப் பயிரிடலாம்.

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் இந்நிலை மாறுகின்றது. வாடைக் காற்றினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும். தாழ்ந்த தோட்டங்களில் வெள்ளம் நிற்கும். பெரும்போக நெல் அப்பொழுதுதான் வயலில் பயிராக நிற்கும். அறுவடைக்கு மூன்று நான்கு மாதங்கள் செல்ல வேண்டும். உழவு, விதை, பசளை, களையெடுப்பு ஆகியவற்றிற்குப் பணம் தேவைப்படுவதும் இக்காலத்திலேயே. வருவாய் குறைந்து செலவு கூடும் இந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை ஆகிய நான்கு மாதங்களிலேதான் கடைக் கொப்பியில் கடன் ஏறுகின்றது. நகைகள் அடகுக்குச் செல்கின்றன. தை, மாசியில் அறுவடையாகும் நெல் அக்கடனைத் தீர்ப்பதற்காக உடனே விற்கப்படுகின்றது. அடுத்த மாரியில் வீடு மீண்டும் வெறுமையாகின்றது. ஆண்டுதோறும் சுழலும் இச்சக்கரத்தை நிறுத்துவதற்கு இந்நான்கு மாத உணவை முன்கூட்டியே வீட்டில் சேர்த்து வைத்தல் வேண்டும்.

கடையை முற்றிலும் நம்பியிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை அண்மைக்கால அனுபவம் காட்டியது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபின், 2021/22 பெரும்போக விளைச்சல் நாடெங்கும் குறைந்தது. அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியின்போது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அதாவது, 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அடுப்பெரிக்கும் வாயுவும் கிடைப்பது அரிதாயிற்று. விலை ஏறிய அந்நாட்களில் வீட்டில் நெல்லும் வேலியில் முருங்கையும் வைத்திருந்த குடும்பத்தின் சுமை, யாவற்றையும் கடையில் வாங்கிய குடும்பத்தின் சுமையிலும் குறைந்ததாகவே இருந்திருக்கும்.

நெற்கணக்கு

வீட்டுத் தேவைக்கு எவ்வளவு நெல் ஒதுக்க வேண்டும் என்பதை அறுவடைக்கு முன்னரே கணக்கிடல் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி எனக் கொண்டால், ஐவர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 1½ கிலோ தேவை. நான்கு மாதங்களுக்கு, அதாவது 120 நாட்களுக்கு, 180 கிலோ அரிசி வேண்டும். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே 180 கிலோ அரிசிக்கு 277 கிலோ நெல் வேண்டும். எலி, பூச்சி ஆகியவற்றால் உண்டாகக்கூடிய இழப்பையும் சேர்த்து 300 கிலோ, அதாவது ஏறக்குறைய 14½ புசல் ஒதுக்குதல் நன்று. விதைநெல் இதனுள் அடங்காது; ஏக்கருக்கு 2 புசல் வீதம் அதனைப் புறம்பாக வைத்தல் வேண்டும்.

இதனால் வரும் பயனைப் பணத்தில் காண்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலையின்படி ஒரு கிலோ நாட்டு நெல் 120 ரூபாய். அக்காலத்தில் நாட்டரிசியின் ஆகக்கூடிய சில்லறை விலை கிலோ 230 ரூபாயாக இருந்தது. 100 கிலோ நெல்லை விற்றால் 12,000 ரூபாய் கிடைக்கும். அதே நெல்லை வீட்டுக்கு வைத்தால் 65 கிலோ அரிசி கிடைக்கும். அவ்வரிசி கிலோ ஒன்று ஏறக்குறைய 185 ரூபாய்க்கு அடங்கும். கடை விலைக்கும் இதற்கும் 45 ரூபாய் வேறுபாடு உண்டு. புழுக்குவதற்கான விறகுக்கும் ஆலைக் கூலிக்குமாகக் கிலோவுக்கு 15 ரூபாயைக் கழித்தாலும் 30 ரூபாய் மிஞ்சும். 180 கிலோ அரிசிக்கு மிச்சம் 5,400 ரூபாய். இதைத் தவிர, கோழிக்கும் மாட்டுக்கும் உதவும் தவிடும் அடுப்புக்கு உதவும் உமியும் வீட்டிற்கே வருகின்றன. வயலடியில் வியாபாரி உத்தரவாத விலையிலும் குறைத்துக் கொடுப்பாராயின், விற்று வாங்குவதால் ஏற்படும் இழப்பு இன்னும் பெரிதாகும். விலைகள் ஆண்டுக்காண்டு மாறுமாகையால், ஒவ்வொரு கமக்காரரும் அவ்வாண்டு விலையை இட்டு இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

"கடன்காரர் களத்தில் நிற்கும்பொழுது நெல்லை எவ்வாறு ஒதுக்குவது?" என்று சிலர் வினவலாம். இது நியாயமான வினாவே. முழுத் தேவையையும் ஒதுக்க இயலாதோர் முதலாண்டில் ஒரு மாதத் தேவையை, அதாவது 75 கிலோவை மட்டும் ஒதுக்கட்டும். அவ்வொரு மாதத்தில் கொப்பியில் ஏறாத கடன், அடுத்த அறுவடையில் இன்னொரு மாத நெல்லை ஒதுக்க இடந்தரும். இவ்வாறு நான்கைந்து ஆண்டுகளில் மாரிகாலம் முழுவதற்கும் வேண்டிய நெல் வீட்டில் சேர்ந்துவிடும்.

சல்லி போன்ற கரையோரக் கிராமங்களில் நெல்வயல் இல்லாத தோட்டக்காரரும் மீனவரும் பலர் உள்ளனர். இவர்கள் அறுவடைக் காலத்தில் நான்கைந்து குடும்பங்களாகக் கூடி, தம்பலகாமம், மூதூர் முதலிய நெல் விளையும் பகுதிகளிலிருந்து ஒரே லொறியில் நெல்லாகவே வாங்கி வைத்தல் இலாபந்தரும். கரையோரத்து வெங்காயத்தையும் கருவாட்டையும் கொடுத்து நெல்லை மாற்றிக்கொள்வதும் இரு சாராருக்கும் நன்மையானது.

நெல்லைப் பழுதின்றி வைத்தல்

ஒதுக்கிய நெல் பழுதாகுமாயின் மேற்சொன்ன கணக்கு முழுவதும் வீணாகும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. நெல்லைப் பாயிலோ படங்கிலோ மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, நன்றாகக் காயவிடவும். பல்லால் கடித்தால் மணி நசியாமல் "படக்" என்று உடைய வேண்டும். ஈரப்பதன் 13 சதவீதத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று.

2. வெயிலில் காய்ந்த நெல்லைச் சூடு ஆறிய பின்னரே சாக்கில் கட்டவும். சூட்டுடன் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

3. பழைய சாக்குகளைக் கொதிநீரில் இட்டு வெயிலில் காயவைத்தபின் பயன்படுத்தவும். பழைய சாக்கின் இழைகளிலேதான் வண்டும் அந்துப்பூச்சியின் முட்டையும் தங்கியிருக்கும்.

4. மூட்டைகளை நிலத்தில் வைக்கலாகாது. ஒரு சாண் உயரமான மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி அடுக்கவும். எலி புகும் துளைகளை அடைக்கவும்.

5. மாதம் ஒருமுறை மூட்டையைத் திறந்து பார்க்கவும். புழுவோ சூடோ காணப்படின் அன்றே மீண்டும் வெயிலில் இடவும். புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன்னர், எல்லா நெல்லையும் ஒருமுறை காயவைத்தல் அவசியம்.

6. உண்ணும் நெல்லுக்குப் பூச்சிமருந்து தூவுதல் கூடாது. மருந்திட்ட விதைநெல்லை எக்காரணங்கொண்டும் உண்ணலாகாது, கோழிக்கும் இடலாகாது.

அரிசியாகக் குற்றி நெடுநாள் வைத்தலைத் தவிர்க்க வேண்டும். தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்குநாற்றமடையும். வண்டும் விரைவில் பற்றும். நெல்லாகவே வைத்து, இரண்டு வாரத்திற்கு வேண்டிய அளவை மட்டும் குற்றுவித்தல் நன்று.

மாரிகாலத்தில் புழுக்கிய நெல்லைக் காயவைக்க வெயில் கிடையாது. ஆகவே ஆவணி, புரட்டாதி மாதங்களில் வெயிலுள்ள நாட்களைப் பார்த்துப் புழுக்கிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். புழுக்கிய நெல்லின் உமி வெடித்திருப்பதால் பூச்சி இலகுவில் புகும். அதனை நன்கு மூடக்கூடிய தகரப் பீப்பாயில் வைப்பதே பாதுகாப்பானது. நெல்லைப் பல நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டால் கெட்ட மணம் உண்டாகும். கொதிக்காத சுடுநீரில் நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பின்பு ஆவியில் அவித்தெடுத்தால் மணமின்றி இருக்கும். புழுங்கலரிசி குற்றும்போது குறைவாகவே உடையும். உமியையும் தவிட்டையும் அடுத்திருக்கும் பீ1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் சென்று சேர்வதால் அதன் போசணையும் கூடும்.

கறிக்கு வேண்டியவற்றைச் சேர்த்தல்

சோறு இருந்தும் கறிக்காகக் கடன்படுதல் கூடாது. மாரியில் உண்ண வேண்டிய கறிப்பொருள்களுக்கான ஆயத்தத்தைத் தை மாதத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

பயறு, கௌபி: பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலில் எஞ்சியிருக்கும் ஈரத்தில் பாசிப்பயற்றை விதைக்கலாம். குறுகியகால இனங்கள் இரண்டு மாதமளவில் விளையும், நிலமும் வளம்பெறும். கடையில் வாங்கும் மைசூர்ப்பருப்பு வெளிநாட்டிலிருந்து வருவது. அதன் விலை நம் கையில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் பருப்புக்குப் பதிலாகச் சொந்தப் பயற்றையோ கௌபியையோ சமைத்தால் பருப்புச் செலவு பாதியளவில் குறையும்.

மரவள்ளி: தை, மாசியில் நிலம் ஈரமாக இருக்கும்போது மேடான இடத்தில் தடிகளை நட்டால், ஐப்பசி தொடக்கம் கிழங்கு பெறலாம். ஒரேயடியாகக் கிண்டாமல் தேவைப்படும்போது ஒவ்வொரு மரமாகப் பிடுங்கவும். நீர் தேங்கும் இடத்தில் கிழங்கு அழுகும். பிடுங்கிய கிழங்கை அன்றே தோலுரித்து, மூடாத பானையில் நன்றாக அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடவும். பச்சையாக உண்ணுதல் ஆகாது.

பூசணி, நீற்றுப்பூசணி: நன்கு முற்றிய காயைக் காம்புடன் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒன்றையொன்று தொடாதவாறு வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் பழுதாகாது. மாரிக்கென்று சேர்த்து வைப்பதற்கு இவற்றிலும் எளிய மரக்கறி இல்லை.

மிளகாய்: பழுத்த மிளகாய் ஏறக்குறைய 4 கிலோவைக் காயவைத்தால் 1 கிலோ செத்தல் கிடைக்கும். பழ மிளகாயின் விலை செத்தல் விலையின் காற்பங்கிலும் குறைந்திருக்கும் நாட்களில் விற்பது நட்டமாகும்; காயவைப்பதே நன்று. மணலில் உலர்த்தாமல் பாயில் உலர்த்தி, இரவில் பனி படாது மூடவும்.

சின்ன வெங்காயம்: தாளோடு பிடுங்கி, நிழலில் வாடவிட்டு, பிடிகளாகக் கட்டிக் கூரையின் கீழ்த் தொங்கவிடவும். அழுகியதைக் கண்டவுடன் அகற்றவும்.

மஞ்சள்: 2020ஆம் ஆண்டில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மஞ்சள் விலை பன்மடங்கு உயர்ந்ததை எவரும் மறந்திரார். வீட்டுக்கு வேண்டிய மஞ்சளைத் தென்னை நிழலில் ஒரு சிறு பாத்தியிலேயே பெறலாம். மழை தொடங்கும்போது நட்டால் எட்டு ஒன்பது மாதங்களில் கிண்டலாம். கிழங்கை அவித்து, நன்கு உலர்த்தி, இடித்து வைக்கவும்.

கீரை: முருங்கைத் தடி மழை தொடங்கும்போது வேலியில் நட்டால் தானே வேரூன்றும். முருங்கையிலை இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் ஏ உயிர்ச்சத்தும் மிக்கது. கருவுற்ற தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வாரத்தில் பலமுறை கொடுத்தல் வேண்டும். வல்லாரை, பொன்னாங்காணி ஆகியன மாரியிலும் தழைக்கும். கறிவேப்பிலை ஒன்றும் எலுமிச்சை ஒன்றும் ஒவ்வொரு வளவிலும் நிற்றல் வேண்டும்.

கருவாடு: மீன் மலிந்த ஆனி, ஆடி மாதங்களில், குடல் நீக்கிக் கழுவிய மீன் 3 பங்குக்கு உப்பு 1 பங்கு வீதம் சேர்த்து, ஓரிரு நாள் ஊறவைத்தபின் உலர்த்தவும். மணலில் போடாமல் உயரமான பந்தலில் வலையால் மூடி உலர்த்தினால் ஈயும் மண்ணும் படா. கருவாட்டை வெங்காயத்துடனும் கத்தரியுடனும் சமைத்தால் சிறிதளவே போதும். சமைக்குமுன் நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்துக்கொள்ளவும்.

விறகும் சமையலும்

பொருளைச் சேர்த்தபின், அடுப்பில் அது வீணாகாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். மாரியில் ஈர விறகு புகையுமே அன்றி எரியாது. புரட்டாதிக்கு முன்னரே விறகைப் பிளந்து உலர்த்திக் கூரையின் கீழ் அடுக்கவும். பயற்றையும் கௌபியையும் முதல்நாள் இரவே ஊறவைத்தால் விரைவில் வேகும். பானையை மூடியே சமைக்கவும். கொதி வந்தபின் தீயைக் குறைக்கவும். கொதிக்கும் நீர் எத்துணை பெருந்தீ இட்டாலும் மேலும் சூடாகாது. வீணாக ஆவியாகவே போகும்.

நெல் விளைவிப்போரிடம் விலையின்றிக் கிடைக்கும் வைக்கோலும் எரிபொருளை மிச்சப்படுத்த உதவும். ஒரு மரப்பெட்டியிலோ பெரிய கூடையிலோ அடியிலும் சுற்றிலும் நான்கு விரற்கடை கனத்திற்குக் குறையாமல் உலர்ந்த வைக்கோலை இறுக்கி அடைத்து, நடுவில் பானை அளவுக்கு இடம் விடவும். உமி அடைத்த சாக்குத் தலையணை ஒன்றை மேலே மூடியாகத் தைத்துக்கொள்ளவும். ஊறவைத்த கௌபியைக் கால் மணி நேரம் நன்கு கொதிக்கவிட்டு, மூடிய பானையுடன் இப்பெட்டியில் வைத்து மூடினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். அரிசியும் சில நிமிடங்கள் கொதித்தபின் இவ்வாறே ஒரு மணி நேரமளவில் சோறாகும். நீர் வற்றாதாகையால் வழக்கத்திலும் சற்றுக் குறைவாக ஊற்றவும். பானை முக்காற்பங்காவது நிறைந்திருத்தல் வேண்டும்; இல்லாவிடின் சூடு நில்லாது. வெந்த உணவை அதிலேயே நெடுநேரம் வைத்திராமல் எடுத்து, ஒரு கொதி காட்டி உண்ணவும். தீ எரியும் அடுப்புக்கு அருகில் இப்பெட்டியை வைக்கலாகாது.

அரிசியைப் பலமுறை அரித்துக் கழுவுவதால் உயிர்ச்சத்து நீருடன் போகும். கல்லும் தூசியும் நீங்கும் அளவுக்குக் கழுவினாற் போதும். வடித்த கஞ்சியை உப்பிட்டுப் பருகலாம். கீரையை முதலில் கழுவிப் பின்பு அரியவும்.

கடைக் கொப்பி

வீட்டுக்கு வாங்கும் பொருள்களை மாதத்தொடக்கத்தில் இரண்டு நிரலாக எழுதிப் பாருங்கள். முதல் நிரலில் உப்பு, சீனி, தேயிலை, மண்ணெண்ணெய் போன்ற, வாங்கியே தீர வேண்டிய பொருள்கள். இரண்டாம் நிரலில் அரிசி, பயறு, மிளகாய், வெங்காயம், மஞ்சள், கீரை போன்ற, வளவிலும் வயலிலும் விளையக்கூடியவை. இரண்டாம் நிரலில் ஆண்டுக்கு இரண்டு பொருள்களையேனும் கடையிலிருந்து நீக்குவதென்று குடும்பத்தார் கூடித் தீர்மானித்தல் வேண்டும். இக்கணக்கை வீட்டுப் பெண்களின் கையில் ஒப்படைத்தல் நன்று. பானையின் அளவையும் பெட்டகத்தின் இருப்பையும் அவர்களே நன்கு அறிவர். எவ்வளவு நெல் விற்பது என்று களத்தில் முடிவு செய்யும்பொழுதும் அவர்களின் கருத்தைக் கேட்டல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

தை, மாசி: நெற்கணக்குப் பார்த்தல், மரவள்ளி நடுதல்.
மாசி, பங்குனி: வீட்டு நெல்லும் விதைநெல்லும் ஒதுக்குதல், பயறு விதைத்தல்.
ஆனி, ஆடி: கருவாடு போடுதல், மிளகாய், வெங்காயம் உலர்த்துதல்.
ஆவணி, புரட்டாதி: நெல்லை மீண்டும் காயவைத்தல், புழுக்குதல், பூசணியும் விறகும் சேர்த்தல்.
ஐப்பசி: முருங்கை, மஞ்சள் நடுதல்.

மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ற இனங்கள், விதை, சேமிப்பு முறை ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க. களத்தைவிட்டு நெல் வெளியேறுமுன், மார்கழி மாதத்துப் பானைக்கு வேண்டியது வீட்டில் உள்ளதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். அதன்பின் எஞ்சியதை விற்பனை செய்யுங்கள்.